இரண்டு படங்களில் ஒரே வெள்ளை

தொழுகையில் நெற்றியைத் தரையில் வைத்து ஸஜ்தா செய்துவிட்டு எழுந்து நிற்க எனக்கு நேரமாகிறது என்பதை முதலில் சொன்னது உம்மாதான். எனக்குத் தெரியாது என்றால் அது பொய். தெரியும். ஆனால் அதற்கு அசதி என்று நானே ஒரு பெயர் வைத்திருந்தேன். இருபத்தெட்டு வயதில் என்ன அசதி என்று யாரும் கேட்கவில்லை, நான் யாரிடமும் சொல்லாததால். ஒரு நாள் அஸர் தொழுது முடித்ததும் பக்கத்து முசல்லா விரிப்பிலிருந்த உம்மா அதை மடிக்காமல் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“நீ என்ன, தொடை மேல கைய வச்சு வச்சு ஏறுற? தென்னமரமா ஏறுற?”

“அசதிதான் உம்மா.”

“அசதின்னா தூங்குனா போயிரும். இது நேத்தும் இருந்துச்சு, முந்தாநேத்தும் இருந்துச்சு.”

அதோடு விட்டிருக்கலாம். உம்மா எதையும் அதோடு விடுகிற ஆள் இல்லை. நானும் அப்படித்தான், அதனால் எங்கள் வீட்டில் காலையில் தொடங்கும் பேச்சு மக்ரிப் தொழுகை வரை ஓடும்.

கீழக்கரையில் பெண்ணுக்குக் கல்யாணமானாலும் அவள் பிறந்த வீட்டை விட்டுப் போவதில்லை. மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்கு வருவார். என் மச்சானும் அப்படித்தான் வந்தார். வந்தார் என்பதே பெரிய வார்த்தை. ஐந்து வருஷத்தில் மூன்று முறை விடுப்பில் வந்திருக்கிறார். எல்லாவற்றையும் கூட்டினால் நாங்கள் ஒரே கூரையின் கீழ் இருந்தது ஏழு மாதம்கூடத் தேறாது. மற்ற நாளெல்லாம் வளைகுடாவில் ஒரு பெரிய கடையின் இறைச்சிப் பிரிவில் கறி வெட்டிக்கொண்டிருந்தார். மாமி மகன் என்பதால் சின்ன வயதிலேயே அவரை மச்சான் என்றுதான் கூப்பிடுவேன். கல்யாணத்துக்குப் பிறகு அந்த வகையில் எந்தச் சிரமமும் வரவில்லை.

நாங்கள் குடும்பம் நடத்தியது போனில். மதிய ஓய்வில் அவர் கூப்பிடுவார். நான் சமையலறையில் பாய் விரித்து உட்கார்ந்து, சீனி டப்பாவில் போனைச் சாய்த்து வைத்துக்கொள்வேன். பாதி நாள் படம் அப்படியே நின்றுவிடும், அவர் வாய் திறந்தபடி. குரல் மட்டும் தன் பாட்டுக்கு ஓடும். கண்ணாடிப் பெட்டியில் தான் அடுக்கிய கறியைப் படமெடுத்து தினமும் அனுப்புவது அவர் வழக்கம். “இதப் பாரு, செவப்புக்குள்ள வெள்ளை ஓடியிருக்குல்ல, அதுக்குத்தான் வெலை” என்று சொல்லிக் கொடுப்பார். மற்றவர்களின் புருஷன்மார் கடற்கரையில் நின்று படம் எடுத்து அனுப்புகிறார்கள், எனக்கு மாட்டுத் தொடை. நான் ஒருநாளும் குறை சொன்னதில்லை. அது அவர் கைவேலை, நன்றாகவும் இருக்கும்.

அந்த வருஷம் அவருக்குச் சம்பளம் கூடியது, குடும்ப விசா கிடைக்கும் என்று ஆயிற்று. நோன்புப் பெருநாள் முடிந்ததும் நான் போவதாக ஏற்பாடு. எங்கள் வீட்டில் புருஷனோடு போய் இருக்கப்போகிற முதல் பெண் நான்தான். ஏன் இன்னும் பிள்ளை இல்லை என்று கேட்டவர்களுக்கெல்லாம் “சேந்து இருந்தாத்தானம்மா” என்று பதில் சொல்லியே உம்மா அலுத்துப்போயிருந்தாள். மச்சான் வீடும் பார்த்துவிட்டார். போனைக் கையில் பிடித்துக்கொண்டு, மூச்சு வாங்க ஏறியபடியே காட்டினார்.

“மூணாவது மாடி. லிஃப்ட் இல்ல. அதான் நமக்குக் கட்டுபடியாகுது. நீ ஒல்லி, ஓடி ஏறிருவ.”

படிகளை வாய்விட்டு எண்ணினார். ஐம்பத்து நான்கு. அன்று மாலை எங்கள் மொட்டை மாடிப் படியில் நான் ஏறிப் பார்த்தேன். ஒன்பதாவது படியில் கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டேன். மேலே காய்ந்த துணியை உம்மா போய் எடுத்து வந்தாள்.

மச்சானிடம் நான் சொல்லவில்லை. சொன்னால் விசாவை நிறுத்திவிடுவார், இல்லையென்றால் வேலையை விட்டுவிட்டுக் கிளம்பி வந்துவிடுவார். மூன்றாவதாக ஒன்றும் இருந்தது, அதை நான் முழுதாக நினைத்துப் பார்த்ததில்லை. என்ன வியாதி என்று முதலில் தெரியட்டும், பிறகு ஒரே வாக்கியத்தில் சொல்லிவிடலாம் என்று இருந்தேன். அந்த ஒரு வாக்கியத்தைத் தேடித்தான் அடுத்த நான்கு மாதமும் அலைந்தேன்.

முதலில் கிடைத்த வாக்கியம் தப்பானது. ரத்தம் கொடுத்துப் பார்த்ததில் ஈரல் சம்பந்தப்பட்ட இரண்டு எண்கள் இருக்க வேண்டியதைவிடப் பல மடங்கு இருந்தன. ராமநாதபுரத்தில் ஒரு டாக்டர் அந்தத் தாளைப் பார்த்தார், என் கண்ணைப் பார்த்தார், நாக்கைப் பார்த்தார். காலைப் பார்க்கவில்லை. ஈரலில் கோளாறு இருக்கலாம் என்றார். எங்கள் ஊரில் இது புதிதல்ல. வெளிநாடு போகிறவனுக்கு மருத்துவச் சோதனையில் ஈரல் எண் கூடி விசா நிற்பதும், அதை இறக்கி மறுபடி சோதனைக்குப் போவதும் வாடிக்கை. அதற்கென்று வீட்டு வைத்தியமும் தயாராக இருக்கும். உம்மா மறுநாளே ஆரம்பித்துவிட்டாள். கீழாநெல்லியை அரைத்து மோரில் கலந்து விடிந்ததும் வெறும் வயிற்றில். எண்ணெய் கிடையாது, கறி கிடையாது, உப்பு பாதி.

“நாப்பது நாள்ல எறங்கிரும். நம்ம தெருவுல எத்தன பேரு இதக் குடிச்சுட்டு பிளேன் ஏறிருக்காங்க.”

நாற்பது நாள் குடித்தேன். கசப்பு பழகியது, எண் இறங்கவில்லை. பத்தியத்தில் நான் இன்னும் இளைத்தேன், மொட்டை மாடியில் ஒன்பதாவது படி ஏழாவது படி ஆயிற்று. அந்த இரண்டு எண்களும் ஈரலிலிருந்து மட்டும் வருவதில்லை, நைந்துபோகிற தசையிலிருந்தும் வரும் என்று பின்னால்தான் தெரிந்தது. ஈரல் பாவம், அது பாட்டுக்குச் சும்மா இருந்தது. நாங்கள்தான் அதைப் பிடித்து வைத்து நாற்பது நாள் வைத்தியம் பார்த்திருக்கிறோம்.

அடுத்து ஒருவர் முதுகெலும்பில் நரம்பு அழுந்தியிருக்கலாம் என்றார். முதுகுக்கு எம்ஆர்ஐ எடுத்தோம். எல்லாம் ஒழுங்காக இருக்கிறது என்று தாள் வந்தது. சந்தோஷப்பட வேண்டிய தாள். பஸ்ஸில் வரும்போது உம்மா அதை மடியில் விரித்துத் தடவி, மறுபடி மடித்தாள். பிறகு, அக்கம்பக்கம் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்திக் கேட்டாள்.

“உண்மையச் சொல்லு. ஒனக்கு அங்கன போக இஷ்டம் இல்லையா?”

“இஷ்டம் இல்லன்னா கால் எப்படி உம்மா தளரும்?”

“மனசு வேணாம்னா காலு கேக்கும்ல.”

எனக்கு வந்த கோபத்தில் அங்கேயே பஸ்ஸை விட்டு இறங்கி நடந்து போயிருப்பேன், நடக்க முடிந்திருந்தால். ஆனால் கொஞ்ச நேரத்தில் எனக்கே சந்தேகம் வந்துவிட்டது. ஒருவேளை பயம்தானோ? உம்மாவை விட்டு, இந்த முடுக்குகளை விட்டு, ஏழு மாதமே கூட இருந்த ஓர் ஆளுடன் போய் இருக்க எனக்கு நிஜமாகவே மனமில்லையோ? படம் நன்றாக இருக்கிறது என்கிறது, கால் இல்லை என்கிறது. இரண்டும் என் உடம்புதான். எதை நம்புவது என்று தெரியாமல் நான் என்னையே விசாரித்துக்கொண்டு வந்தேன்.

மதுரையில் நரம்பும் தசையும் பார்க்கிற ஒரு டாக்டரம்மா இருக்கிறார் என்று கேள்விப்பட்டுப் போனோம். அவர் தாள்களை வாங்கி ஓரமாக வைத்தார். “கீழ உக்காந்து எந்திரிங்கம்மா” என்றார். உட்கார்ந்தேன். நாலு காலில் கவிழ்ந்து, இடுப்பை முதலில் தூக்கி, கையை முழங்காலில் ஊன்றி, தொடையில் ஊன்றி, எழுந்து நின்றேன். வீட்டில் உம்மா கேலி செய்த அதே ஏற்றம். அவர் கேலி செய்யவில்லை. “இன்னொரு தடவ” என்றார். பிறகு குதிகாலைத் தூக்கி நுனிக்காலில் நிற்கச் சொன்னார். நான் தூக்கினேன். தூக்குகிறேன் என்று எனக்குத் தெரிகிறது, குதிகாலுக்குத் தெரியவில்லை. அது தரையை விட்டுக் கிளம்பவே இல்லை. அப்போதுதான் நினைவு வந்தது, போன வருஷமே மேல் தட்டிலிருந்த அரிசி டப்பாவைக் கீழ்த் தட்டுக்கு இறக்கிவிட்டேன். ஏன் இறக்கினேன் என்று நான் என்னைக் கேட்டுக்கொள்ளவே இல்லை.

“முதுகுக்குப் படம் எடுத்தாச்சே டாக்டர், நல்லாத்தான் இருக்காம்” என்றாள் உம்மா.

“வீட்டுல வெளக்கு எரியலன்னு மீட்டர் பெட்டியப் பாத்துருக்கீங்க. பல்ப இன்னும் யாரும் பாக்கல. தசையப் பாக்கணும். தொடைக்கும் கெண்டைக்காலுக்கும் எம்ஆர்ஐ எடுக்கணும்.” என் பக்கம் திரும்பி நிதானமாகச் சொன்னார். “ரெண்டு விதமா இருக்கலாம்மா. தசையில அழற்சி வந்து வீங்கியிருந்தா மாத்திரை குடுத்து அடக்கலாம். பொறவியிலேயே ஒரு குறை இருந்து, அது இப்ப வெளிய வந்திருந்தா மாத்திரை கெடையாது. வெளியில இருந்து பாத்தா ரெண்டும் ஒண்ணு மாதிரியே இருக்கும்.”

பிறகு உம்மாவிடம் கேட்டார். “நீங்களும் இவங்க அப்பாவும் சொந்தமா?”

“எங்க பக்கம் எல்லாருமே சொந்தந்தான்” என்றாள் உம்மா, முகத்தைத் திருப்பிக்கொண்டு. யாரோ அவள் மேல் புகார் கொடுத்துவிட்டது மாதிரி உட்கார்ந்திருந்தாள்.

வீக்கம் என்றால் மாத்திரை. மாத்திரை என்றால் ஐம்பத்து நான்கு படி. அன்று லுஹர் தொழுகையில் நான் எனக்கு வீக்கம் இருக்க வேண்டும் என்று துஆ கேட்டேன். வியாதி வேண்டும் என்று அல்லாஹ்விடம் கையேந்தியவள் அநேகமாக நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன்.

எம்ஆர்ஐ எடுக்கிற இடம் ஒரு கட்டடத்தின் கீழ்த்தளத்தில் இருந்தது. உலோகம் எதுவும் கூடாது என்றார் அங்கே வேலை பார்த்த தம்பி. தலைத்துணியிலிருந்து மூன்று ஊசிகளை எடுத்தேன். காதில் கிடந்ததைக் கழற்றினேன். உம்மா ஓதிக் கட்டிவிட்ட தாயத்து இடுப்பில் இருந்தது, செப்புக் குழாய், அதையும் அவிழ்த்தேன். கடைசியில் கழுத்துக் கருகமணி. நிக்காஹ் அன்று போட்டது, குளிக்கும்போதுகூடக் கழற்றியதில்லை. அதன் திருகு இறுகிப்போய் உம்மா பல்லால் கடித்துத் திருப்ப வேண்டியிருந்தது. “ஒன் மச்சானுக்குத் தெரிய வேணாம்” என்று சொல்லிக்கொண்டே அதைத் தன் முந்தானையில் முடிந்துகொண்டாள். எது தெரிய வேண்டாம் என்றாள், கருகமணி கழற்றியதா, படம் எடுப்பதா, எனக்கு விளங்கவில்லை.

முதுகுக்கு எடுத்தபோது தலை முதலில் உள்ளே போனது. இப்போது கால் முதலில். படுத்தபிறகுதான் ஒரு விஷயம் உறைத்தது. நாங்கள் மேற்கே கால் நீட்டிப் படுக்க மாட்டோம், அது கிப்லா, தொழும் திசை. கீழ்த்தளத்தில் சன்னல் இல்லை, வெயில் இல்லை, பஸ்ஸில் வந்து ஆட்டோவில் திரும்பித் திரும்பி வந்ததில் திசையே மறந்துவிட்டது.

“தம்பி, மேற்கு எந்தப் பக்கம்?”

அவர் கொஞ்சம் யோசித்தார். “அக்கா, இங்கன வந்து ரெண்டு வருஷமாச்சு. எனக்கே தெரியாது. அசையாமப் படுங்க.”

அசையாமல் படுத்தேன். இயந்திரம் தட்ட ஆரம்பித்தது. படகு கட்டுகிற இடத்தில் ஆணி அடிப்பது மாதிரி கொஞ்ச நேரம், பிறகு பழைய ஆட்டோ உறுமுவது மாதிரி கொஞ்ச நேரம். மனதுக்குள் தஸ்பீஹ் ஓதினேன். முப்பத்து மூன்று ஓத வேண்டும். இருபது தாண்டியதும் இயந்திரத்தின் தட்டல் என் எண்ணிக்கையில் கலந்துவிடும், மறுபடி ஒன்றிலிருந்து. முக்கால் மணி நேரத்தில் ஒரு முறைகூட நான் முப்பத்து மூன்றை எட்டவில்லை. என் காலுக்குள் என்ன பார்க்கிறார்கள் என்பது தெரியாது, என் கால் எந்தத் திசையைப் பார்க்கிறது என்பதும் தெரியாது.

இரண்டு நாள் கழித்து டாக்டரம்மா பிலிம்களை வெளிச்சப் பெட்டியில் மாட்டினார். தொடையைக் குறுக்கே வெட்டிப் பார்த்தால் எப்படி இருக்குமோ அப்படி, வட்டம் வட்டமாக. நடுவில் எலும்பு ஒரு வளையம். அதைச் சுற்றி சாம்பல் நிறத்தில் தசைகள் இருக்க வேண்டுமாம். எனக்குப் பல இடத்தில் வெள்ளையாக இருந்தது. கெண்டைக்காலில் பின்பக்கம் முழுக்க வெள்ளை.

“இந்தப் படத்துல வெள்ளைன்னா கொழுப்பு. தசை போன எடத்துல கொழுப்பு வந்து ஒக்காந்திருக்கு.”

நான் ஒல்லி. நாற்பது நாள் எண்ணெய் தொடாதவள். எனக்குள் கொழுப்பா? “பத்தியம் சரியா இருக்கல” என்றாள் உம்மா மெதுவாக. டாக்டரம்மா தலையை ஆட்டிவிட்டு அடுத்த பிலிமைக் காட்டினார். அதே தொடை, அதே வட்டங்கள். ஆனால் முன்னே வெள்ளையாக இருந்தது இங்கே கறுத்துக் கிடந்தது, முன்னே சாம்பலாக இருந்த சில இடங்கள் இங்கே வெள்ளையாகப் பளபளத்தன.

“இது வேற முறையில எடுத்தது. இதுல கொழுப்ப மறைச்சிருவோம். இதுல வெள்ளைன்னா தண்ணி. தசைக்குள்ள நீர் கோத்திருக்கு.”

“நீர்னா வீக்கமா டாக்டர்?”

“வீக்கந்தான்.”

என் துஆ கேட்கப்பட்டுவிட்டது. நான் உம்மாவின் கையைப் பிடித்தேன். சிரித்தும் இருப்பேன் என்று நினைக்கிறேன், ஏனென்றால் டாக்டரம்மா பேனாவை எடுக்காமல் என் முகத்தையே பார்த்தார்.

“அவசரப்படாதீங்கம்மா. பொறவிக் குறையிலயும் தசை சாகறதுக்கு முன்னாடி இப்படி நீர் கோக்கும். ஒண்ண வச்சு முடிவு பண்ண முடியாது, ரெண்டையும் சேத்துப் பாக்கணும். இந்த மாதிரி ஒவ்வொரு வியாதியும் எல்லாத் தசையையும் ஒரே மாதிரி அழிக்காது. சிலத விட்டு வைக்கும். எத விட்டு வச்சிருக்குங்கறதுதான் அதுக்கு அடையாளம்.” பேனாவால் தொடையின் உள்பக்கத்தில் இரண்டு சின்ன சாம்பல் திட்டுகளைத் தொட்டார். “இதுங்கள விட்டு வச்சிருக்கு. கெண்டைக்கால மொதல்ல தின்னுருக்கு. எனக்குப் பொறவின்னுதான் படுது. மரபணுச் சோதனைக்கு ரத்தம் அனுப்புவோம், அதுதான் உறுதியாச் சொல்லும். சில நேரம் அதுவும் தெளிவாச் சொல்லாது.”

ஒரு படத்தில் வெள்ளை கொழுப்பு, இன்னொன்றில் வெள்ளை நீர். நீர் என்றால் வீக்கம், வீக்கம் என்றாலும் மாத்திரைக்கு அடங்குகிற வீக்கம் இல்லை. நான் பத்தாவதில் அறிவியலில் நல்ல மதிப்பெண் எடுத்தவள். அங்கே உட்கார்ந்து என் சொந்தத் தொடையைப் பார்த்து ஒரு மண்ணும் புரியாமல் விழித்தேன்.

“இது எங்கருந்து வந்துச்சு?” என்று கேட்டாள் உம்மா.

“அம்மாகிட்டருந்து பாதி, அப்பாகிட்டருந்து பாதி.”

“நான் நல்லாத்தான இருக்கேன். அவரும் மவுத்தாகுற வரைக்கும் நல்லாத்தான் நடந்தாரு. எங்ககிட்ட இல்லாதத நாங்க எப்படிக் குடுப்போம்?”

பாதி மட்டும் இருப்பவர்களுக்கு ஒன்றும் செய்யாது, இரண்டு பாதியும் ஒரே பிள்ளையிடம் சேர்ந்தால்தான் வரும் என்று டாக்டரம்மா இரண்டு முறை சொன்னார். உம்மாவுக்கு அது ஏறவில்லை. எனக்கு வேறு ஒன்று ஏறியது. மச்சானும் சொந்தம்தான், அவரிடமும் ஒரு பாதி இருக்கலாம். அதை நான் அன்று கேட்கவில்லை. படி ஏறலாமா என்று மட்டும் கேட்டேன்.

“நடக்கலாம். பல வருஷம் நடப்பீங்க. மெதுவாத்தான் கூடும். ஆனா மாடி வீடு வேணாம். கால வலுவாக்குறேன்னு படி ஏறிப் பழகாதீங்க, அது இன்னும் கெடுக்கும்.”

பெயர் தெரிந்தால் என்ன மாறும் என்றும் கேட்டேன். இப்போதைக்கு ஒன்றும் மாறாது, வேண்டாத மாத்திரை சாப்பிட வேண்டியிருக்காது என்றார். கீழாநெல்லியையும் நிறுத்தச் சொன்னார். உம்மா அதற்கு மட்டும் சரி என்று சொல்லவில்லை.

கிளம்புமுன் வெளிச்சப் பெட்டியிலிருந்த பிலிமில் ஒரு வட்டத்தை மட்டும் போனில் படமெடுத்துக்கொண்டேன். மாட்டுத்தாவணியில் ராமநாதபுரம் பஸ் கிளம்பக் காத்திருந்தபோது மச்சானுக்கு எழுத ஆரம்பித்தேன். “எனக்கு” என்று எழுதி அழித்தேன். “என் தசையில்” என்று எழுதி அழித்தேன். நான்கு மாதமாகத் தேடிய ஒரு வாக்கியம் இப்போதும் என்னிடம் இல்லை. கடைசியில் ஒன்றும் எழுதாமல் படத்தை மட்டும் அனுப்பினேன்.

பரமக்குடி தாண்டும்போது அவரிடமிருந்து குரல் பதிவு வந்தது. உம்மா என் தோளில் சாய்ந்து தூங்கிக்கொண்டிருந்தாள். போனைக் காதில் வைத்துக் கேட்டேன். பின்னால் கடையின் இரைச்சல், அவர் குரலில் வேலைநேரத்து உற்சாகம்.

“ஏ புள்ள, இது என்ன, கறுப்பு வெள்ளையில அனுப்பியிருக்க? எந்தக் கடைக்காரன் ஒன்ன ஏமாத்துறான்? இது தொடைதான், நடுவுல எலும்பு தெரியுது. ஆனா நல்ல உருப்படி இல்ல. வெள்ளை ஓடியிருந்தா அது வேற. இது ஓடல, கறிய எடுத்துட்டு அந்த எடத்துல கொழுப்ப அடைச்ச மாரி இருக்கு. வயசான மாடு. வாங்கிராத. வாங்கிட்டியன்னா திருப்பிக் குடுத்துரு.”

நான் சிரித்துவிட்டேன். டாக்டரம்மா அரைமணி நேரம் விளக்கியதை அவர் வாடிக்கையாளரிடம் சொல்வதுபோல் ஒரே மூச்சில் சொல்லிவிட்டார், அதுவும் சரியாக. பிறகு இன்னொரு முறை கேட்டேன். மூன்றாவது முறை கேட்டபோது தலைத்துணியை முகத்தின்மேல் இழுத்து விட்டுக்கொள்ள வேண்டியிருந்தது. திருப்பிக் கொடுத்துவிடு என்கிறார். யாரிடம் கொடுப்பது? பாதி கொடுத்தவர் பள்ளிவாசல் மையவாடியில் அடங்கியிருக்கிறார். மீதிப் பாதியைக் கொடுத்தவள் என் தோளில் வாயைத் திறந்து தூங்கிக்கொண்டிருக்கிறாள். அவர்மேல் கோபப்படலாம் என்று பார்த்தேன், கோபப்பட அவர் ஒன்றும் செய்திருக்கவில்லை. தினமும் செய்வதைத்தான் செய்தார்.

“கடையில் எடுத்தது இல்லை மச்சான். என் கால்” என்று எழுதி அனுப்பினேன். அவர் பார்த்துவிட்டதற்கான நீலக் குறி விழுந்தது. பதில் வரவில்லை.

மறுநாள் மதியம் அவர் கூப்பிடவில்லை. கறிப் படமும் வரவில்லை. ஐந்து வருஷத்தில் காய்ச்சலில் கிடந்த நாளில்கூடப் படம் அனுப்பியவர். அதற்கு அடுத்த நாளும் இல்லை. சமையலறையில் சீனி டப்பாவைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். முன்னே முழுதாக நினைத்துப் பார்க்காமல் வைத்திருந்த அந்த மூன்றாவதை இப்போது நினைத்துப் பார்க்க நிறைய நேரம் இருந்தது. அவருக்கு முப்பத்து மூன்று வயது, நல்ல வேலை, பிள்ளை இல்லை. எங்கள் சொந்தத்திலேயே எத்தனையோ பெண்கள், ஐம்பத்து நான்கு படியையும் ஓடி ஏறக்கூடியவர்கள். நான் அவருக்காக வாதாடினேன், எதிராகவும் வாதாடினேன். உம்மா ஒன்றும் கேட்காமல் கருகமணியை மறுபடி என் கழுத்தில் போட்டு, திருகை அழுத்தித் திருகிவிட்டாள்.

மூன்றாம் நாள் மதியம் போன் அடித்தது. வழக்கமாகக் கடைச் சீருடையில் இருப்பார். அன்று சாதாரணச் சட்டையில், ஏதோ ஒரு தெருவில் நின்றுகொண்டிருந்தார்.

“ரெண்டு நாளா மாடி இல்லாம, கீழ வீடு தேடிட்டு இருந்தேன்” என்றார். “ஒண்ணும் சரியா அமையல. இன்னும் பாக்குறேன்.”

“ஏன் மச்சான் படம் அனுப்பல?”

அவர் வேறு எங்கோ பார்த்தார். “தொடை வெட்டக் கை வரல. கோழிப் பக்கம் மாத்திக்கிட்டேன்.”

விசா என்ன ஆகும் என்று கேட்டேன்.

“காட்டு” என்றார்.

“எத?”

“எந்திரிக்கிறத. தொடை அப்படின்னா அதுதான கஷ்டம். நீ எந்திரிச்சு நான் பாத்தே வருஷமாச்சு. போன்ல எப்பவும் ஒக்காந்தே இருக்க. நான் ஒரு நாளும் கேக்கல.”

சீனி டப்பாவைப் பின்னால் தள்ளி, முழு உடம்பும் தெரிகிற மாதிரி போனைச் சாய்த்தேன். பாயில் கவிழ்ந்தேன். உம்மா பார்த்தது, டாக்டரம்மா இரண்டு முறை பார்த்தது, அவரிடம் மட்டும் நான் மறைத்தது. இடுப்பைத் தூக்கினேன். கையைக் கணுக்காலில், முழங்காலில், தொடையில் ஊன்றி ஏறினேன். வெட்கமாக இருந்தது, அழுகையும் வந்தது, ஆனால் எழுந்துவிட்டேன். நிமிர்ந்து நின்று மூச்சு வாங்கினேன். போனிலிருந்து சத்தமே இல்லை.

“மச்சான்?”

“படம் நின்னு போச்சு புள்ள. நீ பாதியிலயே நிக்கிற. ரெண்டு கையும் முட்டியில இருக்கு.”

“நான் எந்திரிச்சுட்டேன்.”

“எனக்கு இன்னும் வரல. இரு. வச்சிராத. நீ எந்திரிக்கிறத நான் பாத்துக்கிறேன்.”

கால் நடுங்க ஆரம்பித்தது. உட்கார்ந்தால் தேவலை. ஆனால் அங்கே அந்தத் தெருவில், அவர் கையிலிருந்த படத்தில், நான் இன்னும் எழுந்திருக்கவில்லை. சுவரைப் பிடித்துக்கொண்டு, அவருக்கு நான் எழுந்து முடிக்கும்வரை நின்றேன்.